வெள்ளி கறுக்காமல் இருக்க: நானோ கம்பி மின்முனைகளுக்கு எந்தப் பூச்சு நிற்கும்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு அந்த உலோகத்தின் குறை நன்றாகத் தெரியும். மெருகு போட்டு அனுப்பிய கொலுசு சில மாதங்களில் பழுப்பேறும், பிறகு கறுக்கும். வீட்டில் திருநீறு போட்டுத் தேய்த்தால் பளபளப்பு திரும்பிவிடும். கறுப்புக்குக் காரணம் வெள்ளி சல்பைடு. காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலே அது உண்டாகிவிடும். ஈரம் சேர்ந்தால் வேகம் கூடும். கொலுசில் அது மேற்பரப்போடு நின்றுவிடும். அதே வெள்ளி 50 நானோமீட்டர் விட்டமுள்ள கம்பியாக இருந்தால், அந்தக் கறுப்பு கம்பி முழுவதையும் தின்றுவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஒரு கிராம் வெள்ளியை 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியாக்கினால் அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 4 சதுர சென்டிமீட்டர். அதே ஒரு கிராம் 50 நானோமீட்டர் கம்பிகளாக இருந்தால் மேற்பரப்பு 7 சதுர மீட்டரைத் தாண்டும். காற்று தொடும் இடம் 20,000 மடங்கு பெருகிவிடுகிறது. அந்தக் கம்பியில் சுற்றிலும் 10 நானோமீட்டர் ஆழத்துக்கு வெள்ளி சல்பைடாக மாறினால் எஞ்சும் உலோகத் தண்டின் விட்டம் 30. மின்சாரம் பாய்வதற்கான குறுக்குவெட்டு 36 விழுக்காடாகச் சுருங்கும். கொலுசில் கண்ணுக்கே எட்டாத அளவு கறுப்பு, இங்கே ஒரு மின்கருவியைச் செயலிழக்கச் செய்யும்.

இவ்வளவு மெல்லிய கம்பி எதற்கு? ஒளியை உள்ளே விட்டு, மின்சாரத்தையும் கடத்தும் படலம் ஒன்று தொடுதிரைக்கும், மெல்லேட்டுச் சூரிய மின்கலத்துக்கும், பனி படியாத கண்ணாடிக்கும் வேண்டும். இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது இண்டியம் டின் ஆக்சைடு. எடையில் 90 பங்கு இண்டியம் ஆக்சைடும் 10 பங்கு டின் ஆக்சைடும் சேர்ந்த பொருள் அது. கண்ணாடியின் மேல் மிக நன்றாக வேலை செய்கிறது. பிளாஸ்டிக் தாளில் குறைந்த வெப்பத்தில் படிய வைக்க வேண்டியிருப்பதால் மின்தடை ஏறிவிடுகிறது. தாளை வளைத்தால் விரிசல் விடுகிறது. இண்டியத்துக்கென்று தனிச் சுரங்கமும் கிடையாது. துத்தநாகத் தாதுவோடு துணைப்பொருளாக வருகிறது, அதில் பாதிக்கு மேல் சீனாவிலிருந்து.

மாற்றாக வந்ததுதான் வெள்ளி நானோ கம்பி வலை. 2002இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் யுகாங் சன், யூனான் ஷியா ஆகியோர் சூடாக்கிய எத்திலீன் கிளைக்காலில் வெள்ளி நைட்ரேட்டைக் கரைத்து, பாலிவினைல் பைரோலிடோன் என்ற பாலிமரின் துணையோடு நீண்ட கம்பிகளை ஏராளமாக வளர்த்துக் காட்டினார்கள். 2008இல் ஸ்டான்ஃபோர்டில் ஜங்-யோங் லீ, பீட்டர் பியூமன்ஸ், யி சுய் குழு இவற்றை மையாக்கிப் பரப்பி ஒளி ஊடுருவும் மின்முனையாகப் பயன்படுத்தியது. 2009இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜொனாதன் கோல்மன் குழு, 85 விழுக்காடு ஒளியை விட்டும் சதுரத்துக்கு 13 ஓம் தடைதான் என்ற படலத்தைக் காட்டியது. பிளாஸ்டிக் மேல் போட்ட இண்டியம் டின் ஆக்சைடு இதை எட்டுவது கடினம். சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் வெள்ளி இருந்தால் போதும். ஒரு கிராமில் 10 சதுர மீட்டர் பரப்பலாம். விலை உயர்ந்த உலோகம் என்ற தயக்கம் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது.

ஆக, கம்பியை வளர்ப்பதும் பரப்புவதும் பெருமளவு தீர்ந்த வேலைகள். தீராதது ஆயுள். அந்த ஆயுளை முடிவு செய்வது கம்பியின் மேல் போடும் பூச்சு. பூச்சுகளைப் பற்றி ஏராளமான கட்டுரைகள் வந்துவிட்டன. அவற்றைச் சோதிக்கும் முறையில்தான் போதிய அக்கறை இல்லை என்பது என் கருத்து. அந்தக் குறையைப் போக்கக் கொங்கு நாட்டைவிடப் பொருத்தமான இடம் தென்னிந்தியாவில் அரிது.

எவை எல்லாம் இந்தக் கம்பியைக் கொல்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். சல்பைடைச் சொல்லிவிட்டேன். வெள்ளிக் கம்பியைத் திறந்த காற்றில் வைத்து, அதன் மேல் சல்பைடுத் துகள்கள் வளர்வதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டிய ஆய்வு 2005லேயே வந்துவிட்டது. அடுத்தது வெப்பம். வெள்ளி உருகுவது 961.8 டிகிரி செல்சியஸில். நானோ கம்பி அதற்கு வெகு முன்பே, 200 முதல் 300 டிகிரிக்குள், குழாயிலிருந்து மெலிதாக விழும் தண்ணீர் துளித்துளியாக அறுவதைப் போல மணிமணியாக உடைந்துவிடும். உருகுவதால் வரும் உடைப்பு அன்று. மேற்பரப்பில் உள்ள அணுக்கள் ஊர்ந்து, பரப்பைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கின்றன. கம்பி மெலிய மெலிய இது சீக்கிரம் நடக்கும்.

வெப்பம் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. மின்சாரமே கொண்டுவரும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஹடி காலி, ஐரீன் கோல்ட்தார்ப் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. கரிமச் சூரிய மின்கலத்தில் வழக்கமாக ஓடும் அளவு மின்னோட்டத்தைச் செலுத்தியபோது, சில படலங்கள் இரண்டே நாளில் செயலிழந்தன. இரண்டு கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று படுக்கும் சந்திப்புகளில் தடை அதிகம், ஆகவே சூடும் அங்கேதான் அதிகம். ஒரு சந்திப்பு அறுந்தால் அதன் சுமை பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும்; அவையும் சூடாகி அறும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வியர்வையில் உள்ள குளோரைடும், பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலத்திலிருந்து கசியும் அயோடைடும் வெள்ளியைத் தாக்கும். புற ஊதா ஒளி அரிப்பைத் தூண்டும். விரல் நகம் பட்டாலே வலை கீறிப்போகும், ஏனென்றால் கம்பிகளைத் தாளோடு பிடித்து வைப்பது எதுவும் இல்லை.

பூச்சுகளில் இன்று தொழிலில் வேரூன்றியது பாலிமர். அக்ரிலிக் அல்லது யூரித்தேன் பிசினை 100 நானோமீட்டர் அளவு தடிமனில் பரப்பிப் புற ஊதா விளக்கில் இறுக வைப்பார்கள். தாள் உருளையிலிருந்து அவிழ்ந்து, பூச்சு வாங்கி, உலர்ந்து, மறு உருளையில் சுற்றிக்கொள்ளும். ஒட்டுதல், கீறல் தாங்குதல், வளைதல் மூன்றும் ஒரே பூச்சில் கிடைக்கும். ஆனால் நீராவியையும் ஹைட்ரஜன் சல்பைடையும் முற்றாகத் தடுக்கும் பாலிமர் இல்லை. எல்லாம் தாமதப்படுத்துகின்றன, அவ்வளவுதான். ஆகவே பிசினுக்குள்ளேயே அரிப்புத் தடுப்பான்களைச் சேர்க்கிறார்கள். தாமிரம், பித்தளைப் பொருள்களைக் காக்க நெடுங்காலமாகப் பயன்படும் பென்சோடிரையசோல் வகைச் சேர்மங்கள் வெள்ளிக்கும் உதவுகின்றன. கம்பியின் மேல் ஒட்டிக்கொண்டு சல்பைடுக்கு இடம் கொடுக்காமல் நிற்கின்றன. மின்கடத்தும் பாலிமரான பெடாட்-பிஎஸ்எஸ் பலரைக் கவர்ந்தது. அது கம்பிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்திலும் மின்சாரத்தைப் பரப்பும் என்பது உண்மை. அதன் அமிலத்தன்மை கடுமையானது, ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். நீண்ட நாள் காவலுக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

ஆக்சைடுகளின் கதை இன்னும் வளமானது. டைட்டானியம் டை ஆக்சைடையும் துத்தநாக ஆக்சைடையும் சால்-ஜெல் முறையில், அதாவது ஆல்கஹால் கரைசலாகப் பூசி 100 முதல் 150 டிகிரியில் உலர்த்திப் படலமாக்கலாம். உலரும்போது படலம் சுருங்கி, குறுக்காகக் கிடக்கும் கம்பிகளை ஒன்றோடொன்று இறுக்கும். காவலுக்குப் போட்ட பூச்சு சந்திப்புத் தடையையும் குறைக்கிறது. எளிய கரைசலில் கிடைக்கும் இந்த இரட்டைப் பயன் எனக்கு மிகவும் பிடித்தது. குறை என்னவென்றால் படலத்தில் நுண்துளைகள் தங்கிவிடும்.

துளையில்லாப் படலத்துக்கு அணு அடுக்குப் படிவு முறை இருக்கிறது. 1974இல் பின்லாந்தில் துவோமோ சுந்தோலா இதை உருவாக்கினார். ஒரு வாயுவை விட்டு, அது மேற்பரப்பில் ஓர் அடுக்காக ஒட்டியதும் மிச்சத்தை வெளியேற்றி, அடுத்த வாயுவை விட வேண்டும். அலுமினியம் ஆக்சைடுக்குச் சுற்றுக்கு 0.1 நானோமீட்டர் அளவே வளரும். 30 நானோமீட்டருக்கு 300 சுற்று. கம்பியின் அடிப்பக்கம், சந்திப்பின் மூலை எதையும் விடாமல் ஒரே சீராகப் போர்த்துவது இதன் சிறப்பு. வெற்றிடக் கலமும் மெதுவான வேகமும் இதன் தடைகள். பிரான்சின் கிரனோபிளில் டேவிட் முனோஸ்-ரோஹாஸ், டானியல் பெல்லே குழு இந்தத் தடையைத் தாண்ட ஒரு வழியைப் பின்பற்றியது: வாயுக்களைக் காலத்தால் பிரிக்காமல் இடத்தால் பிரித்து, தாளை அவற்றின் கீழ் முன்னும் பின்னும் ஓட்டினார்கள். வெற்றிடம் தேவையில்லை. 2018இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், துத்தநாக ஆக்சைடின் தடிமன் கூடக் கூட வெள்ளி வலை தாங்கும் வெப்பமும் மின்னழுத்தமும் கூடின. மேற்பரப்பு அணுக்கள் ஊர்வதற்கு இடம் கிடைக்காததால் கம்பி மணிமணியாக உடைவது தள்ளிப்போகிறது.

ஆனாலும் எல்லாவற்றையும் தடுக்கும் ஆக்சைடு என்று ஒன்றைச் சுட்ட முடியாது. துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் காரத்திலும் கரையும். வியர்வை படும் இடத்தில் நிலைக்காது. டைட்டானியம் டை ஆக்சைடு வெயிலின் புற ஊதாவை உறிஞ்சி, தன்னைத் தொட்டிருக்கும் பிளாஸ்டிக்கையும் பசையையும் மெல்லச் சிதைக்கும். அலுமினியம் ஆக்சைடு சூடும் ஈரமும் சேர்ந்தால் ஹைட்ராக்சைடாக மாறி இளகும். அதனால்தான் டைட்டானியம் ஆக்சைடோடு மாறி மாறி அடுக்குகிறார்கள். எந்த ஆக்சைடும் தடித்தால் வளைவில் விரியும். விரிசல் விழுந்த இடத்தில் அரிப்பு குவிந்துவிடுவதால், அங்கே பூச்சு இருந்தும் பயன் இருக்காது.

கிராபீன் பற்றி ஒரு எச்சரிக்கை. குறையில்லாத கிராபீன் தாள் ஹீலியத்தைக்கூட விடாது என்பதால், வெள்ளிக்கும் தாமிரத்துக்கும் அதுவே இறுதிக் கவசம் என்று எழுதியவர்கள் பலர். 2013இல் பெர்க்லியிலிருந்து வந்த ஒரு நீண்டகால ஆய்வு, தாமிரத்தின் மேல் போட்ட கிராபீன் முதலில் காத்துவிட்டு, மாதங்கள் ஆக ஆக, ஒன்றும் போடாததைவிட மோசமான அரிப்பைக் கொடுத்ததைக் காட்டியது. தாளின் ஓட்டைகள் வழியே ஈரம் புகும். மின்கடத்தும் கிராபீன் அந்த இடத்தில் மின்வேதி அரிப்பை ஊக்குவிக்கும். குறுகிய காலச் சோதனையை நம்பினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தத் துறையில் இல்லை.

உலோகத்தின் மேல் உலோகம் போடும் வழியும் உண்டு. கொலுசுக்கு ரோடியம் முலாம் போடுவது போன்ற வேலைதான். ஆனால் நானோ அளவில் வேதியியல் முரண்டு பிடிக்கும். சாதாரணத் தங்க உப்பில் வெள்ளிக் கம்பியை இட்டால் ஒரு தங்க அணு படிவதற்கு மூன்று வெள்ளி அணுக்கள் கரைந்து போகும், கம்பி குழலாகிவிடும். தாமிரக் கம்பிக்கு நிக்கல் உறை போடுவது நல்ல பலன் தந்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் வைலி குழு 2012இல் செய்த தாமிர-நிக்கல் கம்பிகள் ஆக்சிஜனேற்றத்தை வெகுவாகத் தாங்கின. நிக்கல் கொஞ்சம் ஒளியை விழுங்கும், அதுதான் விலை.

எந்தப் பூச்சு சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது, பயன்பாட்டைச் சொன்னால்தான் கிடைக்கும். கொள்ளளவு முறையில் இயங்கும் தொடுதிரைக்கு விரலுக்கும் கம்பிக்கும் நேரடித் தொடர்பு வேண்டியதில்லை. ஆகவே மேலே மின்கடத்தாப் பூச்சைத் தாராளமாகப் போடலாம். சூடேற்றும் படலத்துக்கும் அப்படியே. இவற்றுக்கு மெல்லிய ஆக்சைடு ஒன்று, அதன் மேல் பாலிமர் ஒன்று என்ற ஈரடுக்கே சரியான வழி என்பது என் தீர்ப்பு. சூரிய மின்கலத்தில் மின்சாரம் பூச்சின் குறுக்கே போயாக வேண்டும். அங்கே துத்தநாக ஆக்சைடு, டின் ஆக்சைடு போன்றவை காவலாகவும், எலெக்ட்ரான்களைக் கொண்டுசெல்லும் அடுக்காகவும் இரண்டு வேலை பார்க்கும். வரிசை முக்கியம்: முதலில் வலையைச் சூட்டினாலோ அழுத்தத்தாலோ ஒளியாலோ பற்றவைத்து, பிறகு பூச வேண்டும். கம்பிகளுக்குத் தனித்தனியாக மின்கடத்தா உறை போட்டுவிட்டுப் பரப்பினால், சந்திப்புகள் ஒன்றையொன்று தொடாமலே கிடக்கும். இன்னொன்று, கம்பிவலை வெளிக்கம்பியோடு சேரும் ஓரங்கள். அரிப்பு அங்கிருந்துதான் உள்ளே நுழையும். நடுப்பகுதியின் பூச்சைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதும் கட்டுரைகள் ஓரத்தைப் பற்றி இரண்டு வரி எழுதுவதில்லை என்பது பெரிய குறை.

சந்திப்பே இல்லாத வலை என்ற வேறொரு பாதையும் நம் அருகில் திறந்திருக்கிறது. பெங்களூரில் ஜி.யு. குல்கர்னி குழு, உலர்ந்து வெடித்த படலத்தின் விரிசல்களையே அச்சாகக் கொண்டு, அவற்றில் உலோகத்தை நிரப்பித் தொடர்ச்சியான வலை செய்யும் முறையை வளர்த்தது. அந்தக் கோடுகள் நானோ கம்பியைவிட அகலமானவை, ஒட்டுப்போட்ட இடம் இல்லாதவை. அரிப்பையும் சூட்டையும் அவை இயல்பாகவே கூடுதலாகத் தாங்கும். பூச்சு என்ற கேள்வி அங்கேயும் மறையவில்லை, கொஞ்சம் இலகுவாகிறது.

இப்போது சோதனை முறைக்கு வருகிறேன். சூரியத் தகடுகளுக்கான ஐஇசி 61215 தரநிலையில் உள்ள, 85 டிகிரி வெப்பம், 85 விழுக்காடு ஈரப்பதம், 1000 மணி நேரம் என்ற சோதனையைத்தான் நானோ கம்பிக்காரர்களும் பெருமையோடு காட்டுகிறார்கள். 1000 மணி என்பது 42 நாள்கூட இல்லை. அந்தக் கலத்தில் கந்தகம் இல்லை, வெயில் இல்லை. பல நேரம் படலத்தில் மின்சாரமும் ஓடுவதில்லை. ஹைட்ரஜன் சல்பைடு, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, குளோரின் கலந்த காற்றை ஓட்டிச் சோதிக்க ஐஇசி 60068-2-60 என்ற தனித் தரநிலை மின்னணுப் பாகங்களுக்கு இருக்கிறது. வெள்ளியின் முதற்பகை கந்தகம் என்று தெரிந்தும் நானோ கம்பிப் பூச்சுகளை அதில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

திறந்த வெளியில் உலோகத்தை வைத்து ஆண்டுக்கணக்கில் பார்க்கும் மரபு தமிழ்நாட்டில் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், எஃகையும் துத்தநாகத்தையும் பல ஊர்களின் காற்றில் வைத்து அளந்து இந்தியாவின் அரிப்பு வரைபடத்தையே உருவாக்கியது. கடலோரத்துக்கு மண்டபத்தில் தனி நிலையம் வைத்தது. எஃகுக்குச் செய்ததை வெள்ளி நானோ கம்பிக்கும் செய்ய வேண்டும்.

அதற்குக் கொங்கு நாட்டுக் காற்று ஏன் பொருத்தம்? நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்துக்குள் இவ்வளவு வேறுபட்ட காற்று கிடைப்பது அபூர்வம். சோமனூர், பல்லடம் தறி ஷெட்டுகளில் நூல் அறாமல் இருக்க ஈரப்பதத்தைக் கூட்டியே வைப்பார்கள். நெசவுக்கு 75 முதல் 85 விழுக்காடு வரை தேவைப்படும். நூற்பு மில்களில் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட் ஆண்டு முழுவதும் ஓடும். இந்த இயந்திரங்களில் இன்று தொடுதிரைகள் வந்துவிட்டன, ஈரத்திலும் பஞ்சுத் துகளிலும் அவை இயங்கியாக வேண்டும். ஈரோட்டில் தோல் பதனிடும் இடங்களில் முடி நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படுகிறது. கறுப்புச் சாயமேற்றும் சல்பர் டை வேலையிலும் அதே பொருள்தான். சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளின் கழிவுநீர் புளித்தால் ஹைட்ரஜன் சல்பைடு எழும். நாமக்கல் கோழிப் பண்ணைகளில் அம்மோனியாவும் அதோடு சேர்கிறது. வால்பாறையில் மாதக்கணக்கில் மழை. கரூர்ப் பக்கம் கோடையில் 40 டிகிரியைத் தொடும் வறண்ட வெயில். வெயிலில் கிடக்கும் சூரியத் தகட்டின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். இவை எல்லாம் இந்தப் படலங்கள் நாளை வாழப்போகும் இடங்கள்.

செய்யும் கையும் இங்கே இருக்கிறது. கோவையில் எலெக்ட்ரோபிளேட்டிங் பட்டறைகள் ஏராளம். பூச்சு உரிவதற்கு முதல் காரணம் முன்சுத்தம் சரியில்லாமைதான் என்பது அங்கே வேலை பார்ப்பவர்களின் அன்றாட அறிவு. திருப்பூரில் துணிக்குப் பூச்சிட்டு ஸ்டென்டரில் உலர்த்தி இழுக்கும் தொழிலாளர்களுக்கு, ஓடும் தாளில் ஒரே தடிமனாகத் திரவம் பரப்புவதன் நுணுக்கம் தெரியும். 1956இல் தொடங்கிய துணி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா மருத்துவத் துணிகளுக்கும், பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தொழிற்துறைத் துணிகளுக்கும் உயர் ஆய்வு மையங்களாக இயங்குகின்றன. பாரதியார் பல்கலைக்கழகத்திலும் வேளாண் பல்கலைக்கழகத்திலும் நானோ துறைகள் இருக்கின்றன. விலை உயர்ந்த வெற்றிடக் கருவிகளை வைத்துக்கொண்டு இதில் முன்னேற நினைப்பதைவிட, சால்-ஜெல், பிசின், அரிப்புத் தடுப்பான் என்ற ஈரவழிப் பூச்சுகளைக் கூர்மைப்படுத்துவதே இந்த வட்டாரத்துக்கு உகந்தது என்று உறுதியாக நினைக்கிறேன். வெற்றிடம் கேட்காத அணு அடுக்குப் படிவு அடுத்த படியாக வரலாம்.

இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. தறி ஷெட், சாயப்பட்டறை, சேகோ ஆலை, கோழிப் பண்ணை, வால்பாறை மலை, கரூர் வெயில் என்று ஆறு இடங்களில் சட்டம் அடித்து, ஒவ்வொன்றிலும் பாலிமர், சால்-ஜெல் ஆக்சைடு, இரண்டும் சேர்ந்த ஈரடுக்கு ஆகிய பூச்சுகள் போட்ட படலங்களை மாட்டலாம். பாதிப் படலங்களில் இடைவிடாமல் மின்சாரம் ஓட வேண்டும். ஓரங்களை மூடியும் மூடாமலும் இரண்டு விதமாக வைக்க வேண்டும். அருகிலேயே பூச்சில்லாத வெள்ளித் தகடு ஒன்றை மாட்டினால், அதன் கறுப்பை வைத்து அந்த இடத்துக் காற்றின் கந்தகத்தை அளந்துவிடலாம். மாதம் ஒரு முறை மின்தடையும் ஒளி ஊடுருவலும் குறிக்கப்பட வேண்டும், மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல். தோற்ற படலங்களின் அளவீடுகளும் வென்றவற்றோடு சேர்ந்தே வெளிவர வேண்டும். எந்த இடத்தில் எந்தப் பூச்சு எத்தனையாவது மாதம் விட்டது என்ற அந்தப் பட்டியலுக்காகத்தான் தொடுதிரை செய்பவரும் சூரிய மின்கலம் செய்பவரும் காத்திருக்கிறார்கள்.